ஏழாம் கேள்வி

முனைவர் பட்டத்துக்காக நானூறு பக்கம் எழுதிக் கிழித்தவர்கள், அரை வரி எழுதத் தெரியாமல் திருதிருவென்று விழிக்கிற இடம் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த ஆய்வேட்டுப் பிரிவுதான் அது. கம்பி போட்ட ஒரு ஜன்னல், உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவள். பைண்டு செய்த நான்கு பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவள் ஒரு மஞ்சள் படிவத்தை நீட்டுவாள். அதில் பதினான்கு கேள்விகள். பதின்மூன்றுக்கு மளமளவென்று பதில் எழுதிவிடுவார்கள். ஏழாவதில்தான் பலருக்கும் கை நழுவும்.

ஏழாம் கேள்வி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ‘இளநிலைப் பட்டம் பெற்ற கல்லூரியின் பெயர், ஊர்.’ அவ்வளவுதான். ஆனால் பத்தில் ஆறு பேர் அங்கே தங்கள் முதல் கல்லூரியை எழுதாமல், அதற்கப்புறம் முதுநிலை படித்த பெரிய கல்லூரியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பார்கள். அவள் சான்றிதழ் நகலைப் புரட்டிப் பார்ப்பாள். படிவத்தைத் திருப்பித் தள்ளுவாள்.

“இது நீங்க எம்.எஸ்ஸி. படிச்ச காலேஜ். நான் கேக்கறது பி.எஸ்ஸி.”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

“ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு சர்டிபிகேட் குடுத்தாங்க?”

“அது ஒரு சின்ன காலேஜ் மேடம். பேரு சொன்னா யாருக்கும் தெரியாது.”

“சின்ன காலேஜ்னா எழுதறதுக்கு நேரம் கம்மியாத்தானே ஆகும்? எழுதுங்க.”

எழுதித்தான் ஆக வேண்டும். அவள் சிவப்பு மையால் டிக் போட்டுத் தன் சுருக்கொப்பத்தை இடாவிட்டால், எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சியும் அந்த ஜன்னலைத் தாண்டி ஓர் அங்குலம் நகராது. ஏழாம் கேள்விக்காக இப்படி ஏழரையைக் கூட்டுகிறாளே என்று மாணவர்கள் அவளுக்கு ‘ஏழரை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “ஏழரை இன்னைக்கு வந்திருக்காளா?” என்று ஜன்னலுக்கு வெளியே கேட்பது அவள் காதிலும் விழும். “வந்திருக்கேன், வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். வெளியே நிற்கிறவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வருடக் கடைசியில் அந்த மஞ்சள் படிவங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் முனைவர் ஆனார்கள் என்று ஒரு பட்டியல் போடுவாள். நூறு பேர், எண்பது பேர் என்று பெரிய கல்லூரிகள் மேலே மின்னும். கீழே வர வர எண்ணிக்கை இளைக்கும். ஐந்து பேருக்கும் குறைவாக அனுப்பிய கல்லூரிகளுக்குத் தனி வரி கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ‘மற்றவை’ என்று ஒரே வரி. அவள் படித்த கல்லூரி இருபத்தைந்து வருடமாக அந்த ‘மற்றவை’க்குள்தான் கிடந்தது. அதைத் தட்டச்சு செய்ததும் அவளேதான்.

இருபத்தைந்து வருடத்தில் அங்கிருந்து நான்கே பேர் வந்திருந்தார்கள். நான்கு பேரையும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழாம் கேள்வியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலருகே வந்துவிடுவாள். “லேப்ல அந்த மூணாவது குழாய் இன்னும் சொட்டுதா?” என்று கேட்பாள். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் பேசுவார்கள். பிறகு “வரேன் மேடம்” என்று போய்விடுவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அடுத்தவர் வருவதற்கு ஐந்தாறு வருடமாகும்.

அவள் குடியிருந்தது ஒரு தையல்கடைக்கு மேலே, ஒற்றை அறையில். காலையில் மிஷின் சத்தம் கேட்டு எழுந்திருப்பாள். மாலையில் வீடு திரும்பும்போது கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்குத்தான் அறையின் அமைதி அவளைப் பிடித்துத் தின்னும். துவைத்ததையே மறுபடி துவைப்பாள். ஜன்னலோரத்து நாற்காலியைச் சுவரோரம் போட்டுப் பார்ப்பாள், சரிப்படாமல் திரும்ப ஜன்னலுக்கே கொண்டு வருவாள். பத்து மணிக்கு அக்கா போன் பண்ணுவாள். அக்காவுக்குப் பேரன் பேத்தி எடுத்தும் இந்தக் கவலை தீரவில்லை.

“இப்படித் தனியாவே இருக்கியேடி.”

“நான் எங்கக்கா தனியா இருக்கேன்?” என்று அவள் சிரிப்பாள். அக்காவும் பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து விட்டுவிடுவாள். ஆனால் அது வெறும் பேச்சு இல்லை. அவளுக்கு ஒரு துணை இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத துணை.

அந்தக் கதைக்கு முப்பத்து நான்கு வருடம் பின்னால் போக வேண்டும். அவள் படித்த கல்லூரி முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம். வண்டி நுழைகிற அளவு பெரிய கதவுகள் அப்படியே இருந்தன. தண்ணீர் மாடிக்கு ஏறாது என்பதால் வேதியியல் ஆய்வகம் கீழே. ஆறு குழாய், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு நல்ல தராசு. தராசுக்கு முன்னால் வரிசை எண்படி இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். அவள் பன்னிரண்டு. அவளுக்கு ஜோடி பதினொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று, எண்ணைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“பன்னெண்டு, நீயே நிறுத்துடு. என் கை நடுங்குது.”

“மூளை மட்டும் இருந்தா போதுமா பதினொண்ணு? கையும் வேணும்.”

அவன் கெட்டிக்காரன், ஒரு கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்வான். ஆனால் கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு நிறுக்கச் சொன்னால் வியர்த்துவிடும். இரண்டு வருடம் அவனுக்கும் சேர்த்து அவள்தான் நிறுத்தாள். கடைசி வருடம் ஒருநாள் குழாயடியில் கண்ணாடிக் குடுவையைக் கழுவிக்கொண்டே அவன் சொன்னான்: “நாம ரெண்டு பேரும் டாக்டரேட் முடிச்சிட்டு இங்கயே வந்து வேலை பாக்கணும் பன்னெண்டு. அந்த மூணாவது குழாய நாமதான் சரி பண்ணணும்.” அவன் விளையாட்டாகச் சொன்னானோ நிஜமாகச் சொன்னானோ, அவள் அதை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

முதுநிலைக்கு இருவருக்குமே இடம் கிடைத்தது. அவளுக்கு அதே வாரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கும் உத்தரவு வந்து சேர்ந்தது. “படிச்சு முடிச்சு எதத் தேடப்போறியோ அது இப்பவே வீடு தேடி வருது. போயிடு” என்றார் அப்பா. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அவளும் முரண்டு பிடிக்கவில்லை. முரண்டு பிடித்திருக்கலாமோ என்று பின்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை யோசித்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்தாவது வருடம் ஆய்வேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயே வேரோடிப்போனாள்.

கல்லூரியை விட்டு எட்டு வருடம் கழித்து ஒருநாள் ஜன்னலில் ஒரு கை நான்கு பிரதிகளை வைத்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பதினொன்று.

“அட, நீயா! நீ இங்கயா இருக்க?” என்றான். இரண்டு நிமிடம் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் அவள் படிவத்தைப் பார்த்தாள். ஏழாம் கேள்வியில் பெரிய கல்லூரியின் பெயர்.

“ஏழாவது தப்பு” என்றாள்.

அவன் கம்பிக்குப் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “பன்னெண்டு, இது ஒண்ண மட்டும் விட்டுடேன். அடுத்த வாரம் இங்கயே வேலைக்கு இன்டர்வியூ. இந்த பாரத்தோட காப்பியும் அவங்ககிட்ட போகும். நம்ம காலேஜ் பேரப் பாத்தா மேல படிக்காமலே தூக்கிப் போட்டுடுவாங்க.”

எட்டு வருடமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. பின்னால் இணைத்திருந்த சான்றிதழ் நகல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் பாவித்துச் சிவப்பு டிக் போட்டாள். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. அவன் “மறக்கவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேலை கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில், மேல்மாடியில். விரிவுரையாளர் ஆனான், பேராசிரியர் ஆனார், துறைத்தலைவர் ஆனார். முதல் சில வருடங்கள் படியில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார். பிறகு அதுவும் நின்றது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ‘பாவம், என்னப் பாத்தா அந்த மஞ்சப் பேப்பர் ஞாபகம் வரும், அதான் ஒதுங்கிப் போறாரு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் ஆயிரம் பேர் இருக்கட்டும், தனக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் ஒன்று இருக்கிறது. அதை இருவரும் காப்பாற்றி வருகிறோம். இந்த நினைப்புதான் அவளுக்கு இருபத்து நான்கு வருடத் துணை. மற்றவர்களிடம் ஏழாம் கேள்விக்காக அவள் காட்டிய கெடுபிடியெல்லாம் அன்றைக்குச் செய்த ஒரு தப்புக்குக் கட்டிய அபராதம். ஏழரை பிறந்தது அந்த வாரத்தில்தான்.

இப்படியே ஓய்வுபெற்றுப் போயிருப்பாள். நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்து குட்டையைக் குழப்பியது.

இணைப்புக் கல்லூரிகளைச் சீர்செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். தலைவர், மேல்மாடிப் பேராசிரியரேதான். கடந்த இருபத்தைந்து வருடப் பட்டியலைத் தொகுத்துப் பத்து நாளுக்குள் தர வேண்டும்; அதில் மொத்தமாகக் கூட்டியும் ஐந்து தேறாமல் ‘மற்றவை’க்குள் வருகிற கல்லூரிகளில் அறிவியல் பட்டப்படிப்புகள் மூடப்படும். அவள் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தாள். தன் கல்லூரிக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. நான்கு.

“இருபது முப்பது காலேஜ் அடிபடும்போல” என்றார் கண்காணிப்பாளர், தேநீரை ஆற்றிக்கொண்டே. “விடுங்கம்மா. போனா போகுது. உப்புக்குச் சப்பாணியா இருக்கற காலேஜுங்கதானே?”

அவருக்குத் தெரியாது. அவள் சுற்றறிக்கையை மடித்துக் கோப்பில் செருகினாள்.

சனிக்கிழமை விடுமுறை. மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பஞ்சுக் கிடங்குக் கதவுக்குள் நுழைந்தாள். என்ன பார்க்க வந்தோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருபது பெண்கள் ஒரு தராசுக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற இடத்தில் யாரோ ஒரு வாளியை வைத்திருந்தார்கள்.

“மேடம்! நீங்களா!” என்று ஓடிவந்தாள் விரிவுரையாளர். அந்த நான்கு பேரில் மூன்றாமவள். தானியத்தில் பிடிக்கிற பூஞ்சையைப் பற்றி ஆய்வேடு எழுதியவள். அதனால் இவள் மனசுக்குள் அவளுக்குப் பூஞ்சைக்காரி என்றே பெயர். “குழாயப் பத்திக் கேட்டீங்களே, மறக்கவே இல்ல மேடம். இந்தாங்க, இப்பவும் சொட்டுது, நீங்களே பாருங்க.”

சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே பூஞ்சைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“லிஸ்ட் நீங்கதானே போடறீங்க மேடம்? எங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான் குறையுது. பழைய ரெஜிஸ்டரெல்லாம் பொரட்டிட்டேன், எங்கெங்கயோ போன் போட்டுட்டேன். இதுங்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் காலேஜ் பக்கத்துல இருக்கறதாலதான் வீட்ல படிக்கவே விட்டாங்க. அடுத்த காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறணும். மூடிட்டா அதோட நிறுத்திடுவாங்க மேடம். யாராவது ஒருத்தர் விட்டுப்போயிருப்பாங்களா? உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது.

“பாக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தன்னையே திட்டித் தீர்த்தாள். ‘என்னடி பெரிய பாக்கறேன்? பாக்கறதுக்கு என்ன இருக்கு?’ ஐந்தாவது ஆள் பதிவறையில், மூன்றாவது இரும்பு அலமாரியில் இருக்கிறார். வெளியே எடுத்தால் அந்த இருபது பெண்களும் பிழைப்பார்கள். ஆனால் எடுத்த நிமிடமே தனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது போய்விடும். அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்? தையல்மிஷின் சத்தமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே மறுபடியும் அதைத்தான் நினைத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தபின் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பழைய கோப்பை எடுத்தாள். மஞ்சள் படிவம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. சிவப்பு டிக் மட்டும் நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. படிவத்தில் எதைத் திருத்தினாலும் பக்கத்தில் ஆய்வாளரே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவளாக அடித்து எழுத முடியாது. கோப்பை இடுக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். அவர் தயங்குவார், கெஞ்சுவார், ‘இத்தனை வருஷம் காப்பாத்திட்டு இப்ப ஏன்?’ என்று கேட்பார். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். இருபத்தொரு படி ஏறுவதற்குள் பதிலை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் பேராசிரியர், கண்ணாடியைக் கழற்றாமலே.

கோப்பைத் திறந்து முன்னால் வைத்தாள். ஏழாம் கேள்வியில் விரலை வைத்தாள். பக்கத்தைப் புரட்டிச் சான்றிதழ் நகலையும் காட்டினாள். அவர் இரண்டையும் பார்த்தார்.

“அட!” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இத மாத்தி எழுதியிருக்கேனே! நான் அந்த பஞ்சு கிடங்கு காலேஜ்தாம்மா. மேடைக்கு மேடை பெருமையா சொல்லிட்டிருக்கேன், எங்கேர்ந்து வந்தேன் பாருங்கன்னு. லிஸ்ட்ல இல்லையா நான்?”

“இல்ல சார். உங்களச் சேத்தாதான் அஞ்சு வருது.”

“சேருங்க, சேருங்க. நல்ல வேளை பாத்தீங்க.” பேனாவைத் திறந்து, பழைய பெயரை அடித்துவிட்டு, சரியான பெயரை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு சிவப்பு டிக்கைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். “ஆனா இத அப்போ செக் பண்ணின கிளார்க் என்ன பண்ணிட்டிருந்தாங்க? சர்டிபிகேட் பின்னாடியே இருக்கே! தூங்கிட்டாங்களா?”

தயாராக வைத்திருந்த நாலு பதில்களில் இதற்கு ஒன்றும் பொருந்தவில்லை.

“தலைவரோட காலேஜே கடைசி நேரத்துல தப்பிச்சுதுன்னு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. யார் டிக் போட்டாங்களோ அவங்ககிட்ட எழுத்துல ஒரு விளக்கம் வாங்கிக் கோப்புல வச்சிடுங்க” என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார்.

அவள் கோப்பை எடுத்தாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

“சார், காலேஜ்ல தராசுல உங்களுக்கு ஜோடியா இருந்தவங்கள ஞாபகம் இருக்கா?”

பேராசிரியரின் முகம் இளகியது. “இருக்கே. ஒரு பொண்ணு. என்ன அழகா நிறுக்கும் தெரியுமா! கைய வச்சா அசையாது. என்னவிட நல்ல படிப்பு. பாவம், அதுக்கப்புறம் என்ன ஆச்சோ. எங்க இருக்கோ, எப்படி இருக்கோ.”

“நல்லா இருப்பாங்க சார்” என்றாள் அவள்.

இருபத்தொரு படியையும் பார்த்துப் பார்த்து இறங்கினாள். இத்தனை வருடமும் அவர் ஒதுங்கிப் போகவில்லை. அவளை அடையாளமே தெரியவில்லை; அன்றைக்கு ஜன்னலில் குனிந்து கெஞ்சியதையே மறந்துவிட்டிருக்கிறார். காப்பாற்றி வந்தது அவள் ஒருத்திதான். அவருக்கு அது ஒரு கைப்பிழை, அதுவும் வேறு யாரோ தூங்கிக்கொண்டே விட்ட பிழை. இல்லாத ஒருவரோடு இருபத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், பைத்தியக்காரி! மதியம் பின்பக்கப் படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

விளக்கம் கேட்கும் குறிப்பாணையைத் தட்டச்சு செய்ய வேண்டியவளும் அவள்தான். தன் பெயருக்குத் தானே அடித்து, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, தானே பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா, ‘கவனக்குறைவு’ன்னு ஒரே வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க. முடிஞ்சுது கத” என்றார் கண்காணிப்பாளர். “முப்பது வருஷத்துல ஒரு தப்பு. யாரு என்ன சொல்லப்போறா?”

அவள் அப்படித்தான் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். அந்த வார்த்தை கண்ணை உறுத்தியது. கவனக்குறைவா? அவளா? தன் வாழ்நாளில் எதையாவது கவனமாக, கண்ணும் கருத்துமாகச் செய்திருக்கிறாள் என்றால் அது அந்த ஒரு சிவப்பு டிக்தான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் இனி அவளிடம் என்னதான் இருக்கும்? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாள்.

‘இது கவனக்குறைவு அன்று. சான்றிதழைப் பார்த்தேன். தெரிந்தேதான் விட்டேன். ஆய்வாளர் என்னுடன் படித்தவர். வரிசை எண் பதினொன்று. என் எண் பன்னிரண்டு. அந்த எண்ணைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார். மறுக்க முடியவில்லை. தவறு என்னுடையது. நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.’

கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, மேல்மாடித் தட்டுக்கு அனுப்பினாள். அதை அனுப்பிய பிறகு மூன்று நாள் அவளுக்கு ஜன்னலில் நிழல் தட்டும்போதெல்லாம் தலை தன்னால் நிமிர்ந்தது. படியில் காலடி கேட்டால் பேனா நின்றது. ‘வரமாட்டார், எதுக்கு வரணும்?’ என்று சொல்லிக்கொண்டே எதிர்பார்த்தாள். வயது ஐம்பத்து நான்கு. எதிர்பார்ப்புக்கு வயசா இருக்கிறது?

நான்காம் நாள் பட்டியல் குழுவுக்குப் போய் ஒப்புதலாகி வந்தது. ஐம்பத்தெட்டாவது வரியில் அவள் கல்லூரி தனியாக நின்றது. எதிரே ஐந்து. பூஞ்சைக்காரி போனில் அழுதாள். “பசங்க லிஸ்ட லேப் கதவுலயே ஒட்டிட்டாங்க மேடம். யாரு மேடம் அந்த அஞ்சாவது ஆளு?”

“பெரிய ஆளுதாம்மா. கூப்பிட்டா வருவாரு. மேடை போட்டுப் பேசச் சொல்லுங்க, நல்லா பேசுவாரு” என்றாள். குரலில் கொஞ்சம் காரம் ஏறிவிட்டது; பூஞ்சைக்காரி கவனிக்கவில்லை. “குழாய மொதல்ல சரி பண்ணுங்க. முப்பத்தஞ்சு வருஷமா சொட்டுது.”

அன்று பிற்பகல் அவளுடைய விளக்கமும் திரும்பி வந்தது. கடைசி வரிக்குக் கீழே, அந்த நடுங்கும் கையெழுத்தில், இரண்டே வரி: ‘பார்த்தேன். கோப்பில் சேர்க்கவும்.’ கீழே சுருக்கொப்பம், தேதி. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. உறைக்குள்ளும் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சொன்னபடி கோப்பில் சேர்த்து, கயிற்றை முடிந்து, மூன்றாவது அலமாரியில் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ஜன்னலில் ஒரு பெண் நான்கு பிரதிகளோடு நின்றிருந்தாள். அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். சான்றிதழைப் புரட்டினாள்.

“ஏழாவது சரியா எழுதியிருக்கீங்க” என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஏன் பாராட்டுகிறார் என்று புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழே மிஷின் சத்தம் இல்லை. துவைக்க ஒன்றும் இல்லை. நாற்காலி ஜன்னலோரத்திலேயே இருந்தது. பத்து மணிக்குப் போன் அடித்தது. அக்கா உடம்பு, மருந்து, பேரன் வாலுத்தனம் என்று எல்லாம் சொல்லி முடித்து, வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

“இப்படித் தனியாவே இருக்கியேடி.”

அவள் சிரிக்கவில்லை.

“ஆமாக்கா” என்றாள். “தனியாத்தான் இருக்கேன்.”

இத்தனை வருடத்தில் தங்கை இப்படிச் சொன்னதே இல்லை. என்னடி ஆச்சு, எதுக்குடி அழற என்று அக்கா பதறினாள். அவள் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லவில்லை. அழுகை நிற்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

“நான் பொறப்பட்டு வரட்டுமாடி?”

“வாக்கா” என்றாள் அவள். “இன்னைக்கே வா.”